தெளிவில்லை என்று ஒரு சான்று

தனபாலின் அப்பா ராயப்பன், வீட்டை அவன் தங்கை பூவாத்தா பேருக்கு உயில் எழுதி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குப் புத்தி தெளிவில்லை என்று டாக்டர் சான்று கொடுத்துவிட்டால் உயில் நிற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தனபால் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். எதற்கென்று அவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் கிழமை கேட்டார்.

"தெரியிலீங்க."

சொந்த ஊரின் பெயரைக் கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். காலையில் பஸ்ஸில், வழியில் வந்த ஒவ்வொரு ஊரையும் பேர் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

"பக்கத்துல நிக்கறவரு யாருங்கய்யா?"

மகனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆரோ… நல்ல பையனாட்டத் தெரியுது."

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு வெளியே வந்தார்கள். படியிறங்கும்போது அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செரியாச் சொன்னனா சாமி? தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடாத, அழுவா."

தனபால் அந்தக் கையை விடவும் முடியாமல், அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் படியிலேயே நின்றான்.