நாலு எல்லை

"இத வச்சிக் காணி ஒண்டும் கிடைக்கா புள்ள, வெறும் பழங்கடதாசி."

ஜவுபர் மூன்றாம் தடவையாகச் சொன்னார். கல்முனையில் பழைய காணிப் பத்திரங்கள் சேர்ப்பவர் அவர். முஸ்பிறா கொண்டுவந்த பத்திரத்தை அவர் கையிலிருந்து கீழே வைக்கவேயில்லை.

"பட்டாளத்துல இருந்த எங்கட மூத்தவாப்பாக்கு வெள்ளைக்காரன் குடுத்ததாம். வெறும் கடதாசிக்கு ஏன் காக்கா விலைய ஏத்திக்கிட்டே போறீங்க?" முஸ்பிறா சிரித்தாள்.

"முத்திரை வடிவா இரிக்கி."

"சரி, எடுங்க. எனக்கு இங்கிலீசு தெரியா. நாலு எல்லையையும் ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க."

கிழக்கே வாய்க்கால். மேற்கே மையத்து அடக்கும் மையவாடி. நடுவில் எட்டுமூலைக் கல்கிணறு. அவர் கண்கள் மட்டும் வாசித்தன.

முஸ்பிறாவுக்குத் தேத்தண்ணி வைக்க, அவர் மனைவி தங்கள் வீட்டு முற்றத்து எட்டுமூலைக் கல்கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"சத்தமா வாசிங்க காக்கா."