எதிர் வீட்டுச் சங்கிலி

முடிச்சூரில் தெருவெங்கும் இடுப்பளவு வெள்ளம். மீட்புப் படகு வந்ததும், நனைந்த நாயை மார்போடு அணைத்துக்கொண்டு அருள்மேரி அதை நோக்கி நடந்தாள்.

“நாயெல்லாம் ஏத்த முடியாதுக்கா. கொயந்தைங்க கீறாங்க. கடிச்சா பேஜாராயிடும்,” என்றான் படகோட்டி சக்திவேல்.

“அப்ப நானும் வரலை.”

படகில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சக்திவேல் பெருமூச்சு விட்டான்.

“சரி, அது வாயைக் கட்டிட்டு ஏறு. மடியிலயே வெச்சுக்கணும்.”

அவள் துப்பட்டாவால் மூச்சு முட்டாதபடி தளர்வாகக் கட்டினாள். துணியில் ரத்தம் படிந்தது. அவள் மணிக்கட்டில் இருந்த கடிகாயத்தை அப்போதுதான் அவன் கவனித்தான்.

“இன்னாக்கா, வளத்தவளையே கடிச்சிருக்கு?”

“நான் வளர்க்கலை. எதிர் வீட்டு நாய். கேட்டுல சங்கிலியால கட்டிப்போட்டுட்டு அவங்க கார்ல கிளம்பிப் போயிட்டாங்க. தண்ணி இதோட கழுத்துக்கு வந்துடுச்சு. அவுக்கும்போது பயத்துல கடிச்சிடுச்சு.”

சக்திவேல் கைகொடுத்து அவளைப் படகில் ஏற்றினான்.

“மொதல்ல ஊசி போட்டுக்கக்கா. நாளைக்கு அவங்க வந்து கேட்டா இன்னா சொல்லுவே?”

நடுங்கிக்கொண்டிருந்த நாயின் முதுகை அருள்மேரி தடவிக் கொடுத்தாள்.

“சங்கிலி கேட்டுலதான் தொங்குது. அதை எடுத்துக்கச் சொல்லுவேன்.”