மச்சான் புரட்டிய பணம்

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி வந்து நின்றது. உடனே அரைக்காவிட்டால் கிழங்கு கெட்டுவிடும். காசைக் கண்ணில் காட்டாமல் டிரைவர் இறக்க மாட்டான்.

"சவ்வரிசிப் பணத்த ராசு குடுத்தாரா மச்சான்?" வசூலுக்குப் போய்வந்த மனைவியின் தம்பி செபாஸ்தியானிடம் பரபரத்தார் மில் முதலாளி சவரிமுத்து.

"எங்க மாமா! அடுத்த மாசமாம்."

"கெழங்குக்கு ரொக்கம், சவ்வரிசிக்குக் கடன். நடுவுல வட்டி கட்டியே லாபம் போவுது. இப்டியே போனா மில்ல வித்துட வேண்டியதுதான்."

"நான் எதுக்கு இருக்கேன்? வழக்கமா தர்றவருகிட்டயே வாங்கியாறேன். வட்டிதான் கொஞ்சம் ஜாஸ்தி."

பணம் வந்தது. கிழங்கு இறங்கியது.

மறுநாள் வியாபாரி ராசுவே மில்லுக்கு வந்தார். "இன்னும் ஒரு லோடு வேணுங்க."

"மொதல்ல பழைய பாக்கிய வைங்க!" சீறினார் சவரிமுத்து.

"இன்னாங்க பாக்கி? மூட்டை எறங்குற அன்னிக்கே உங்க மச்சான் கையில மொத்தமா குடுத்துடறேனே!"

சவரிமுத்து பக்கத்தில் நின்ற செபாஸ்தியானிடம் மெல்லத் திரும்பினார்.

"அப்ப, வட்டிக்கு வாங்கியாந்த பணம் யாருதுடா?"

செபாஸ்தியான் தலைகுனியவில்லை.

"உங்க பணந்தான் மாமா. வட்டி மட்டும் என்னுது."