அந்தப் பக்கம் ஆள் வேண்டாம்

பாகம் பிரித்த வீட்டின் கூடத்தில் தகரத் தடுப்பு அடிக்க வேண்டும். போல்ட் போட்டால் அந்தப் பக்கம் ஒருவர் ஸ்பேனர் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பதோ தம்பி தணிகை. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால்தான் ஏகாம்பரம், ஒரு பக்கமிருந்தே ரிவெட் ஆணி அடிக்கும் ரிவெட் கன் வாங்கினார்.

"இதுக்கு அந்தாண்ட ஆளே வேணாம் சார்," என்றிருந்தார் கடைக்காரர்.

பொய். தகரம் இரும்புச் சட்டத்தில் படியாமல் விலகி விலகிப் போனது. கைப்பிடியை அழுத்த அழுத்த ரிவெட் உருவிக்கொண்டு வந்தது. பதினொன்று வீண்.

"சனியனே!" என்று கத்திவிட்டு அடுத்ததைச் செருகினார். தகரம் தானாக வந்து சட்டத்தில் ஒட்டியது. அழுத்தினார். டக்கென்று பிடித்துக்கொண்டது.

தகரத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"புடிச்சிக்கினுதான் இருக்கேன். அடுத்தத அடிண்ணே."