பாடம் கேட்கும் வேன்

“அப்பா, நான் இறங்கிட்டா வண்டி கிளம்புமா?” என்று கபிலன் முதலில் கேட்டது, அக்கா பொற்கொடி காய்ச்சலில் அனத்திய அன்று. வீடும் பள்ளியுமான அந்த வேன், உள்ளேயிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் பாடம் ஒப்பித்தால்தான் நகரும். அவனுக்கு வகுத்தல் வரவில்லை. இறங்கினான். அனத்தலிலும் அக்கா சரியாக விடை சொல்ல, வண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது, அவள் பிழைத்தாள்.

அதிலிருந்து அப்பாவுக்கு வழி தெரிந்துவிட்டது. கணக்குத் தப்பினால், “இறங்குடா மக்கு, அடுத்த டோல்கேட்டுக்கு நடந்து வா” என்பார்.

இன்றும் கொதிக்கும் தாரில் அவனை இறக்கிவிட்டார். வண்டி பொற்கொடியைக் கேட்டது: “இருபதை நான்கால் வகுத்தால்?”

தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். “ஆறு” என்றாள். வண்டி அசையவில்லை. அப்பா அறைந்தார். மறுபடியும் “ஆறு” என்றாள்.

“உனக்கும் மண்டையில களிமண்ணா? டேய், வண்டியே கிளம்பல, நீயும் ஏறித் தொலை!”

பக்கத்தில் வந்து உட்கார்ந்த கபிலன், “அழாதேக்கா, வகுத்தல் எனக்குந்தான் வரல” என்று தேற்றினான்.