கர்னல் மேல் ஒரு பழி

"செய்யாத குத்தத்துக்கு ஒரு மனுஷனைத் தூக்குல ஏத்தச் சொல்றீங்களே, மேஜர்?"

வினிஃப்ரெட் டார்பி கையிலிருந்த காகிதத்தை மேசையில் போட்டாள். ஜெர்மனியோடு போர் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. லண்டனுக்கு வெளியே ஒரு பிரபுவின் மாளிகையில் இருந்துகொண்டு, ஜெர்மானியர் காதில் விழும்படி அவர்கள் மொழியிலேயே பொய்ச் செய்தி ஒலிபரப்பும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. எதிரே உட்கார்ந்து சர்க்கரையில்லாத தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மேஜர் கிரெயில், உளவுத்துறையைச் சேர்ந்தவர்.

"பொய் சொல்றதுதானே உங்க பிழைப்பு, மிஸ் டார்பி? போன வாரம்கூட அவங்க தளபதி ஒருத்தருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு சொன்னீங்க."

"அதைக் கேட்டு யாரும் சாகல. இது அப்படியா? கீல் துறைமுகத்துல இருக்குற ஜெர்மன் கர்னல் ஹன்னெக்கே நமக்கு உளவு சொல்றார்னு பேரைப் போட்டே வாசிக்கணும்ங்கிறீங்க. ஹிட்லரோட போலீஸ் சும்மா விடுமா?"

"விடாது."

"பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க!"

"சின்னவளுக்கு ஆஸ்துமா," என்றார் மேஜர். "பிஸ்கட் இருக்கா?"

"ஆதாரமாவது குடுங்க."

"நீங்க என்னிக்கு ஆதாரம் கேட்டீங்க?"

"முடியாதுன்னா?"

"உங்க மந்திரியும் எங்க மந்திரியும் கையெழுத்துப் போட்டாச்சு. இத்தனை நாள்ல நம்ம ரெண்டு துறையும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். கெடுத்துராதீங்க."

அன்று மாலையே செய்தி போனது. பெர்லினிலிருந்து தப்பி வந்த ஃபெலிக்ஸ் கணீரென்று வாசித்தான். அடுத்த நாளும் வாசித்தான், அதற்கடுத்த நாளும். ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற வினிஃப்ரெட்டுக்கு, பார்த்தேயிராத அந்தச் சின்னப் பெண் மூச்சிரைப்பது கேட்பதுபோல் இருந்தது.

மறுபடி மேஜர் வந்தபோது, ராஜினாமாவை எழுதித் தயாராக வைத்திருந்தாள்.

"கொலைகாரியா என்னால இருக்க முடியாது, மேஜர்."

"யாரைக் கொன்னீங்க?"

"ஹன்னெக்கேவை!"

"அவரையா? மன்னிப்புக் கேட்டு விட்டுட்டாங்களே. நேத்து வேலைக்கும் திரும்பிட்டார்."

"அப்போ புடிச்சது நிஜமா?"

"நீங்க வாசிக்கிறதுக்கு முன்னாடியே உளவாளின்னு சந்தேகப்பட்டுப் புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. தூக்குதான்னு இருந்தது. அப்பத்தான் எதிரி ரேடியோ தினமும் இவரைக் காட்டிக்கொடுக்குதேன்னு யோசிச்சாங்க. இங்கிலீஷ்காரனே ஒழிச்சுக்கட்டப் பாக்குறான்னா, இவர் யோக்கியராத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க."

வினிஃப்ரெட் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அப்படின்னா அவர்..."

"நாலு வருஷமா நம்ம ஆளு," என்றார் மேஜர், ராஜினாமாவின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தபடி. "உங்க ரேடியோ இதுவரைக்கும் சொன்ன ஒரே உண்மை அதுதான், மிஸ் டார்பி. நல்லவேளை, ஒருத்தனும் நம்பல."