தாளிப்பு வாசம்

"ஏம்மா குல்ஷன்! ஆத்தா வந்திருக்கற வூட்டுக்குப் பக்கத்துல தாளிக்கறீங்களே, நல்லாவா இருக்குது?"

பச்சியப்பன் போட்ட சத்தத்தில் காரிமங்கலத்தின் அந்தக் கடைசித் தெருவே எட்டிப் பார்த்தது. உள்ளே அவன் பெண்டாட்டி சென்னம்மாளுக்கு உடம்பெல்லாம் செக்கச் செவேலென்று தடிப்பு. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அம்மை கண்ட வீட்டுக்குத் தாளிப்பு வாசம் ஆகாதே!

பக்கத்து வீட்டு குல்ஷன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"தெரியாம போச்சுங்கண்ணா. ஆத்தா இறங்கற வரைக்கும் எங்க வூட்ல தாளிப்பே கெடையாது. ஏங்கண்ணா, அக்காவுக்கு மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா? சில பேருக்கு அது சேராம இப்படித் தடிக்குமுங்க."

"ஆத்தா விஷயத்துல உனக்கு என்னம்மா தெரியும்? மாத்திரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!"

சொல்லிவிட்டானே தவிர, நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ராத்திரி அவள் காய்ச்சலில் முனகியபோது, தன் பல்வலிக்கு வாங்கி மீந்த மாத்திரையை அவன்தான் கொடுத்தான். விடியற்காலையிலும் இன்னொன்று. எனக்குக் கேட்டது அவளுக்குக் கேட்காதா என்ற மேதாவித்தனம்!

கொஞ்ச நேரத்தில் சென்னம்மாளுக்கு உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பச்சியப்பன் அலறினான். குல்ஷனின் புருஷன் ஜாவீத், சந்தைக்குத் தன் ஆட்டோவில் ஏற்றியிருந்த வெங்காய மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு, அவளை அதில் போட்டுக்கொண்டு தருமபுரிக்குப் பறந்தான்.

"அம்மையாவது ஒண்ணாவது! என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

பச்சியப்பன் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு சீரானதும் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மருந்து அலர்ஜி. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா உசிரு போயிருக்கும். யாரு இதைக் குடுக்கச் சொன்னது?"

பச்சியப்பனுக்கு நாக்கு புரண்டது. "பக்கத்து வூட்டுக்காரங்க... இவங்கதாங்க."

அட பாவி மனுஷா!

டாக்டரம்மா ஜாவீத் பக்கம் திரும்பினார். "அறிவிருக்கா உங்களுக்கு? ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தருக்குக் குடுப்பீங்களா?"

ஜாவீத் பச்சியப்பனை ஒரு தரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புதாங்க மேடம். இனிமே குடுக்க மாட்டோமுங்க."

மறுநாள் பெண்டாட்டியோடு வந்து இறங்கிய பச்சியப்பனுக்குப் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்க்கவே கூசியது. ஜாவீத் இந்நேரம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். குல்ஷன் முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபடி நின்றான்.

குல்ஷன் வெளியே வந்தாள்.

"அக்கா நல்லாயிட்டாங்களாண்ணா? ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு அவர்கிட்ட கேட்டேன். 'ஆத்தாதான், அண்ணன் சொன்னதுதான் சரி'ன்னுட்டாரு. நான்தான் மாத்திரை கீத்திரைன்னு ஒளறிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. பசங்க நேத்திலிருந்து வெறும் மோர்சோறுதான் சாப்பிடறாங்க... ஆத்தா இறங்கிட்டாங்கன்னா, இன்னைக்கு தாளிக்கலாமுங்களா?"